நமக்குச் செய்தி சொல்வது யார்?

எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் நிற்பார். 2021இன் இரண்டாம் அலையில், மே மாதம் முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் ஆம்புலன்ஸ் வரிசை. கைப்பேசியைத் திறந்தால் எரியும் சிதைகள். "அதையெல்லாம் அணைச்சிட்டுப் படுங்கக்கா" என்றேன். "நாளைக்கு நான் அள்ளப்போறது அந்த வீட்டுக் குப்பையத்தானே தம்பி, பாக்காம எப்படி இருக்கிறது?" என்றார்.

நோய்ச் செய்திகளை நாளுக்கு ஓரிரு முறை மட்டும் பாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொன்னது. நல்ல அறிவுரைதான். ஆனால், வீட்டுக்குள் இருக்க முடிந்தவரின் பயமும் கையுறை இல்லாமல் வேலைக்குப் போகிறவரின் பயமும் ஒன்றல்ல. மே மாதத்தில் தமிழகத்தின் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியபோது, முதலாமவருக்கு அது எண். அக்காவுக்கு அது மறுநாள் போகவேண்டிய தெரு.

இதோடு வதந்தியும் சேர்ந்துகொள்கிறது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலையே சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். மருத்துவருக்கே அந்த நிலை என்றால் குப்பை அள்ளுகிறவர் எம்மாத்திரம்? 'காலனிக்காரங்க மூலமாத்தான் பரவுது' என்று யாரோ அனுப்பிய குரல்பதிவு எங்கள் ஊரில் சுற்றியது. மறுநாள் மளிகைக் கடையில் அக்காவை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். 'சமூக விலகல்' என்ற சொல் நமக்கு 2020இல் வந்ததல்ல. பழைய தீண்டாமைக்குப் புதிய முகக்கவசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தண்டோரா போடப் பறையை நம் தோளில் மாட்டிய ஊர் இது. நமக்கான செய்தியை மட்டும் நாமேதான் தேடிக்கொண்டோம். சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நோய்க்கு மருந்தும் மனதுக்குச் செய்தியும் ஒரே கையிலிருந்து வந்தன. அம்பேத்கரின் 'மூக்நாயக்' தொடங்கி 100 ஆண்டுகள் நிறைந்த 2020இல்தான் இந்தக் கொள்ளைநோயும் வந்து சேர்ந்தது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு மூன்று கோரிக்கைகள். தடுப்பூசி, படுக்கை, பரிசோதனை விவரங்களை நாள்தோறும் ஒருமுறை ஒலிபெருக்கியில் குடியிருப்புகளுக்கும் சொல்லுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குரல்பதிவுகள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதியுங்கள். தூய்மைப் பணியாளருக்குக் கைதட்டியது போதும், கையுறை கொடுங்கள்.

நம் படித்த பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. சரிபார்க்காத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மனம் தாங்காதவர்களுக்கு 104ஐ அழைத்துக் கொடுங்கள். அருகில் உட்கார்ந்து பேசுங்கள்.

அக்காவின் மகள் இப்போது மாலையில் ஒருமுறை செய்தித்தாளை வாசித்துக் காட்டுகிறாள். பிறகு கைப்பேசி அலமாரிக்குப் போய்விடுகிறது. "ரெண்டு நாளா கொஞ்சம் கண்ணசருது தம்பி" என்றார் அக்கா. கையுறை இன்னும் வரவில்லை.