"உறுதி இருக்கோ அம்மா?"

என்ர சின்னம்மா கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன அரைக்கிற மில் வச்சிருக்கிறா. மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா. காலமை ஆறு மணிக்கு மோட்டரைப் போட்டால் பின்னேரம் வரைக்கும் ஓயாது. போன வருசம் இன்னொரு மோட்டரும் பக்கற் ஒட்டுற மெசினும் வாங்க 6 இலட்சம் ரூபா கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனா. நானும் துணைக்குப் போனன். ஏழு வருசக் கணக்குக் கொப்பிகள், கரண்ட் பில், கடைகளுக்குத் தூள் குடுத்த பற்றுச்சீட்டுகள் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோனனாங்கள்.

அங்க இருந்த உத்தியோகத்தர் பையைத் திறக்கவே இல்லை. அவர் கேட்டது ரெண்டே ரெண்டு கேள்வி. "காணி உறுதி இருக்கோ அம்மா? இல்லாட்டி பிணைக்கு ரெண்டு அரச உத்தியோகத்தர் இருக்கினமோ?"

ரெண்டும் இல்லை. கடைசியில சின்னம்மா அதே வங்கியில பக்கத்துக் கவுண்டருக்குப் போய் சங்கிலியை அடைவு வச்சா. பதினைஞ்சு நிமிசத்தில காசு கையில. கேட்டதில பாதிகூட வரேல்ல.

அந்த உத்தியோகத்தரில எனக்குக் கோவமில்லை. அவர் குடுக்கிறது வைப்பாளர்களின்ர காசு. கடன் திரும்பி வராட்டி அவர்தான் பதில் சொல்லவேணும். என்ர கேள்வி அந்த முறையைப் பற்றியது. எங்கட வங்கிகள் தொழிலைப் பார்த்துக் கடன் குடுப்பதில்லை; காணியைப் பார்த்துத்தான் குடுக்கின்றன. ஏழு வருசம் நட்டமில்லாமல் ஓடுற மில் அவர்களுக்கு ஒரு சாட்சியே இல்லை.

அரசின் கொள்கை ஆவணங்களைப் படித்தால் சிறிய, நடுத்தரத் தொழில்களைப் புகழாத பக்கமே இல்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 52 வீதம், வேலைவாய்ப்பில் 45 வீதம் இவற்றிலிருந்துதான் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். வரலாறும் அப்படித்தான். வெளிநாட்டு வங்கிகள் உள்ளூர்க்காரருக்குக் கடன் குடுக்காத காலத்தில், 1934 வங்கி ஆணைக்குழுவுக்குப் பிறகு, 1939இல் இலங்கை வங்கி வந்தது. கூட்டுறவையும் கிராமியக் கடனையும் வளர்க்கவென்று 1961இல் மக்கள் வங்கி வந்தது. 2010இல் மாகாண அபிவிருத்தி வங்கிகள் ஆறையும் இணைத்து பிரதேச அபிவிருத்தி வங்கி வந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: கதவு திறக்காதவர்களுக்குக் கதவைத் திறப்பது.

ஆனால் அந்தக் கதவின் திறப்பு இன்னும் உறுதிதான். வடக்கில் அது எத்தனை பேரிடம் இருக்கு? வன்னியில் பலர் இருப்பது அரச அனுமதிப்பத்திரக் காணியில். அதை நினைத்த வங்கியில் ஈடு வைக்க ஏலாது. இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். காணி இன்னும் பூட்டனின் பெயரில் கிடக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. பெண்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், சொந்தச் சீதனக் காணியை ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும் என்கிறது 1911ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் காணாமல் போயிருந்தால்? மாவட்ட நீதிமன்றப் படி ஏறவேணும். ஒரு அரைக்கிற மெசின் வாங்க!

2024இல் பராட்டே சட்டம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது ஞாபகம் இருக்கும். நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு 1990இல் குடுத்த அதிகாரம் அது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளியால் உயர்த்த, பழைய கடனுக்கும் வட்டி ஏறிப் பலர் விழுந்தார்கள். அதனால் ஏலத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அது தேவையான மூச்சுதான். ஆனால் அந்த விவாதம் முழுக்க ஈடு வைக்கச் சொத்து இருந்தவர்களைப் பற்றியது. ஈடே வைக்க ஏலாத சின்னம்மா அதில எங்க இருந்தா? அவவைப் போன்றவர்களைத் தேடி வீட்டு வாசலுக்கு வந்தது நுண்கடன் கம்பனிதான். கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு அவை என்ன செய்தன என்று எங்கட ஊர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. காசு வந்துபோகும் கணக்கைப் பார்த்துக் கடன் குடுக்கலாம். மெசினையே பிணையாக எடுக்கலாம். கடன் உடைந்தால் ஒரு பங்கை ஏற்கிற உத்தரவாத நிறுவனம் இருந்தால் வங்கிக்கும் பயம் குறையும். இந்தியா அப்படியொரு நிதியத்தை 2000இலேயே தொடங்கிவிட்டது. இங்கயும் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் என்று ஒன்று அண்மையில் வந்திருக்கு. நல்ல விசயம். ஆனால் அந்த உத்தரவாதம் கொழும்பில் ஏற்கனவே உறுதி வைத்திருக்கிற கம்பனிக்கே போனால், பழைய கதவுக்குப் புதுப் பெயின்ற் அடித்த மாதிரித்தான். எத்தனை கோடி குடுத்தார்கள் என்பதைவிட, உறுதி இல்லாத எத்தனை பேருக்கு, எந்த மாவட்டத்தில், எத்தனை பெண்களுக்குக் குடுத்தார்கள் என்று கேட்க வேண்டியது நாங்கள்தான்.

சங்கிலி இன்னும் மீளேல்ல. ஒரு மோட்டர்தான் ஓடுது. போன கிழமை போன் எடுத்தபோது சின்னம்மா சொன்னா: "கெதியா டிகிரியை முடிச்சு ஒரு கவுண்மேந்து வேலை எடு மோனை. அடுத்தமுறை பிணைக்கு ஒராளாவது தேறும்."

பகிடியாத்தான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரேல்ல.