மண்ணு பேசுதாம்... அப்போ கை என்ன பண்ணுச்சாம்?

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. ஏற்கனவே ஒயின் ருசிக்கிறவங்களுக்கும், குடிக்காமலே வாதம் பண்ணப் பிடிச்சவங்களுக்கும்.

ஒயின் பிரியர்கள் நாலு பேர் கூடினா அதுல ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு, "ஆஹா... மண்ணு பேசுதுய்யா" என்பார். கூட இருக்கிற மூணு பேரும் பயபக்தியோட தலையாட்டுவாங்க. இதுக்கு ஃப்ரெஞ்சுல ஒரு மந்திரச் சொல் இருக்கு: டெர்வார். மண், சரிவு, வெயில், மழை, வடிகால் எல்லாம் சேர்ந்து ஒரு இடத்துக்குக் கொடுக்கிற குணம். நல்ல கருத்துதான், மறுக்கலை. ஆனா இந்தச் சொல்லை வச்சு அடிக்கிற ஜல்லி இருக்கே, அதைத்தான் தாங்க முடியலை.

சரி, மேட்டருக்கு வருவோம். டெர்வார் பக்தர்களோட காசி, ராமேஸ்வரம் எல்லாமே பர்கண்டிதான். அங்கேயே போய்ப் பார்ப்போம். க்ளோ த வூஜோ என்று ஒரு தோட்டம். சிஸ்டர்சியன் துறவிகள் உண்டாக்கி, சுத்தி மதில் கட்டினது. சுமார் 50 ஹெக்டேர், நம்ம கணக்குல 125 ஏக்கர். இன்னைக்கு அதுக்குச் சுமார் 80 சொந்தக்காரங்க. அத்தனை பேர் சிவப்பு ஒயினும் பினோ நுவார் திராட்சைதான், அத்தனை பாட்டில்லயும் க்ராண்ட் க்ரூ என்ற அதே உச்சப் பட்டம்தான். உள்ளே இருக்கிறது ஒண்ணா? ஒரு பாட்டில் கண்ணுல தண்ணி வரவைக்கும், இன்னொண்ணு காசு கொடுத்ததை நினைச்சுத் தண்ணி வரவைக்கும்!

"மேல் சரிவுல சுண்ணாம்பு மண்ணு, கீழே ரோட்டோரம் களிமண்ணு, தண்ணி வடியாது. அதான் வித்தியாசம்" என்பாங்க. வாஸ்தவம். அப்போ மண்ணைத் தெய்வமாக் கும்பிடுற சட்டம், ரெண்டு விதமான மண்ணுக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்தது எப்படி? அதோட, மேல் சரிவுக்காரர் ஒயின் சப்புன்னு இருந்து, கீழே இருக்கிறவர் ஒயின் ஜோரா இருந்ததையும் நான் ருசிச்சிருக்கேன்.

இன்னொரு கதை. வோன் ரொமானே ஊர்ல க்ரோ பாரான்தூ என்று ஒரு துண்டு நிலம், ஒரு ஹெக்டேர் சொச்சம். கொடியெல்லாம் போய்க் கைவிட்டுக் கிடந்தது. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அங்கே கிழங்கு போட்டாங்க. 1950-கள்ல ஆன்ரி ஜாயே என்ற மனுஷன் பாறையை வெடி வச்சுப் பிளந்து திராட்சைக் கொடி நட்டார். காம்பை முழுக்க நீக்கினார், புளிக்கறதுக்கு முன்னாடி பழத்தைக் குளிர்ச்சியில ஊறவச்சார். 1978-ல் அந்தப் பேர்லயே தனி பாட்டில் போட்டார். பட்டம் என்னமோ ப்ரீமியே க்ரூதான், க்ராண்ட் க்ரூவுக்கு ஒரு படி கீழே. விலையோ பல க்ராண்ட் க்ரூக்களைத் தூக்கிச் சாப்பிடுது. 2006-ல் அவர் இறந்தார். 2018-ல் அவரோட சொந்தச் சேமிப்பில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பாட்டில்கள் ஜெனீவாவில் 3 கோடி சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல ஏலம் போச்சு. அந்தத் துண்டு நிலம் கிழங்கு விளைஞ்ச காலத்துலயும் அதே இடத்துலதான் இருந்தது. அப்போ ஏன் பேசலை?

உடனே "சட்டியில் இருந்தாத்தானே அகப்பையில் வரும்?" என்பீங்க. ஒத்துக்கறேன். அதே ஜாயே, அதே கையால, ரிஷ்பூர், எஷெஸோ என்று வேற தோட்டத்து ஒயின்களும் செஞ்சார், ஒவ்வொண்ணும் வேற குணம். நிலம் இல்லாம அந்த வித்தியாசம் வராது. ஆனா அந்த வித்தியாசம் நம்ம நாக்கு வரைக்கும் வந்து சேர்ந்தது அகப்பை பிடிச்ச கை சுத்தமா இருந்ததால. கை சொதப்பினா சட்டியில் அமிர்தமே இருந்தாலும் தட்டுல விழறது கருகல்தான்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, குறையையே மண்வாசனைன்னு வித்தது. மாட்டுத்தொழுவ வாடை அடிக்கிற ஒயின்களை "அசல் டெர்வார்" என்று ரொம்ப நாள் கொண்டாடினாங்க. அது பெரும்பாலும் ப்ரெட்டனோமைசெஸ் என்ற ஈஸ்ட்டோட வேலை. பீப்பாயை ஒழுங்காப் பராமரிக்காத இடத்துல குடியேறும். அதே மாதிரிதான் "சுண்ணாம்புக்கல் ருசி". பாறை கரைஞ்சு கொடி வழியா கிளாசுக்கு வர்றதில்லைன்னு அலெக்ஸ் மால்ட்மன் மாதிரி நிலவியல் அறிஞர்களே விளக்கிட்டாங்க. மண்ணு முக்கியமா வேலை செய்யறது தண்ணி, சூடு, வேர் ஓடற ஆழம் வழியாத்தான்.

கடைசி அஸ்திரம் ஒண்ணு வச்சிருப்பாங்க: "டெர்வார்ல மனுஷனும் அடக்கம்". எல்லாமே அடக்கம்னா அந்தச் சொல் எதையுமே விளக்கலைன்னு அர்த்தம். நல்லா வந்தா மண்ணு, கெட்டுப்போனா ஆளு. நல்ல நியாயம்யா!

இதுக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேட்கலாம். காசுங்க, காசு. பட்டம் நிலத்துக்குத்தான், செய்யறவனுக்கு இல்லை. தாத்தா விட்டுப்போன நிலத்துல சோம்பேறித்தனமா ஒயின் போடறவர் தோட்டத்துப் பேரைச் சொல்லியே பிழைச்சுக்கறார். நிலம் வாங்க வழியில்லாம, அடுத்தவர்கிட்ட திராட்சை வாங்கி அருமையா ஒயின் செய்யற இளைஞனை "வெறும் வியாபாரி" என்று ஓரங்கட்டறோம். "மண்ணு பேசுது" என்று நாம உருகற ஒவ்வொரு தடவையும் அவனோட உழைப்பை நிலச் சொந்தக்காரர் கணக்குல எழுதறோம்.

நம்பலைன்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஒரே வருஷத்து ஒயினா எடுங்க. ஒரே தோட்டம், ரெண்டு ஆளுங்க. அப்புறம் ஒரே ஆளு, ரெண்டு தோட்டம். லேபிளை மூடிட்டு, யாரையாவது ஊத்தித்தரச் சொல்லுங்க. எந்த ஜோடியில வித்தியாசம் பெருசுன்னு உங்க நாக்கே சொல்லும். நான் பண்ணிப் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் ஆளுதான் ஜெயிச்சிருக்கு. அதனால கடையில முதல்ல செஞ்சவர் பேரைப் படிங்க, தோட்டத்துப் பேரை அப்புறம் பார்த்துக்கலாம்.