பன்னிரண்டு வோல்ட்டைப் பாருங்கள்

பழைய கணினியைத் திறக்கும் நம்மில் பலர் பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் ஒரே ஒரு எண்ணைத்தான் தேடுகிறோம்: மொத்தம் எத்தனை வாட்? வன்தட்டு உள்ள மெஷினுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. 12 வோல்ட் கம்பியில் எத்தனை ஆம்பியர் கிடைக்கும், அதுவும் தட்டு சுற்றத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் கிடைக்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சப்ளை 63.5 வாட், 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான். ஃப்ளாப்பி டிரைவ்களுக்கு அது போதும். ஆனால் சீகேட் 1980-இல் கொண்டுவந்த 5 மெகாபைட் எஸ்டி-506 நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வேகம் பிடித்த பிறகு 2-க்குள் அடங்கிவிடும். ஐபிஎம்மும் இதைப் புரிந்துகொண்டது. 10 மெகாபைட் தட்டோடு 1983-இல் எக்ஸ்டி வந்தபோது சப்ளை 130 வாட், 12 வோல்ட்டில் 4.2 ஆம்பியர் ஆகியிருந்தது. பழைய பிசிக்காரர்களுக்கு, தனி சப்ளை பொருத்திய விரிவாக்கப் பெட்டி ஒன்றை விற்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த கணக்கை நாம் இன்னும் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1972-இல் இங்கே தடையற்ற வாணிப மண்டலம் பிறந்தது. இன்டெல் அதே ஆண்டு வந்தது, பின்னால் சீகேட்டும் வந்தது. தட்டின் உள்ளே சுழலும் வட்டுகளைச் செய்த கோமாக்கும் இங்கே இருந்தது. 2007-இல் அதை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இந்த ஊரில் வன்தட்டு ஒரு காலத்தில் சோறு போட்ட பொருள். அதே ஊரில், சப்ளை சரியில்லாததால் சுற்றாத தட்டை ‘செத்துப்போச்சு’ என்று குப்பையில் போடுகிறோம்.

அதிகம் ஏமாற்றுவது, ஐடிஇ தட்டை யூஎஸ்பியில் இணைக்கும் கிட்டோடு வரும் கறுப்பு அடாப்டர். மேலே 12 வோல்ட் 2 ஆம்பியர், 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். தொண்ணூறுகளின் மூன்றரை அங்குலத் தட்டுகள் பலவற்றுக்கு அது நூலிழையில்தான் போதும். தட்டு சுற்றும், ‘டிக்’ என்னும், நிற்கும், மறுபடி சுற்றும். ஹெட் போய்விட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறோம். தட்டின் பிளக்கில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டனை அழுத்தி, பிறகு ஆன் செய்யுங்கள். 11.4-க்குக் கீழே விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. கிட்டை டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கரண்ட்டை வேறு நல்ல சப்ளையிலிருந்து கொடுத்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. மேசையில் ஓர் எஸ்டி-225. பட்டனைத் தட்டினால் சப்ளையின் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. சப்ளை பலவீனம் என்று பெரியதாக ஒன்றைத் தேடிப் போகும் முன், கம்பியைக் கழற்றி, தட்டின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரண்டு மூன்று ஓம் என்று காட்டினால், பிளக்குக்குப் பக்கத்தில் சொட்டு மாதிரி நிற்கும் டான்டலம் கபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நின்றது. அங்கே பலமான சப்ளையை மாட்டினால் அந்தக் கபாசிட்டர் தீப்பொறியோடு பதில் சொல்லும். 16 வோல்ட் கபாசிட்டரை எடுத்துவிட்டு 25 வோல்ட் ஒன்றைப் போடுங்கள். ஓம் சரியாக இருந்தும் மோட்டார் முனகி நின்றால், ஹெட் வட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எந்தச் சப்ளையும் அதற்கு மருந்தில்லை.

லோரோங் கூலிட் சந்தையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் சப்ளை மலிவுதான், 12 வோல்ட்டும் தாராளம். ஆனால் மலிவான சப்ளைகளில் பல 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன. 5 வோல்ட்டில் சுமையே இல்லாமல் தட்டை மட்டும் மாட்டினால் 12 சரியும், 5 ஏறும். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டில் கட்டிவிட்டால் ஓர் ஆம்பியர் சுமை கிடைக்கும். ரெசிஸ்டர் சுடும், கை வைக்காதீர்கள். இன்னொன்று: மைனஸ் 5 வோல்ட் 2003 வாக்கில் ஏடிஎக்ஸ் விதியிலிருந்து நீங்கிவிட்டது. முதல் பிசி போர்டுகளில் உள்ள 4116 மெமரி சிப்புகள் அது இல்லாமல் ஓடினால் கெட்டுப்போகும். புது சப்ளையை அப்படியே அந்தப் போர்டில் மாட்ட வேண்டாம்.

நம் நிலைப்பாடு இதுதான்: பழைய சப்ளையைக் கழற்றி எறியாமல் அதையே சரிசெய்யுங்கள். இங்குள்ள ஈரக் காற்றில் அதன் நுழைவாயிலில் உள்ள ரிஃபா காகிதக் கபாசிட்டர் வெடித்திருக்கும், அல்லது வெடிக்கக் காத்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். 115, 230 சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். அப்படியும் தட்டுக்குப் போதாவிட்டால், தட்டுக்கு மட்டும் தனி சப்ளை கொடுத்து இரண்டின் கிரவுண்டையும் இணையுங்கள். ஐபிஎம் அன்று செய்ததற்கு இது பக்கத்தில் வரும்.

அடுத்த இதழ் முதல் பழுது அறிக்கை அனுப்புகிறவர்கள் தட்டின் மாடலோடு, கிளம்பும்போது 12 வோல்ட் எவ்வளவு இறங்கியது என்பதையும் எந்தச் சப்ளையில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாட் எண் மட்டும் உள்ள அறிக்கைகளை இனி வெளியிடுவதாக இல்லை.