அலை ஓயும் கரை

தீபாவளிக்கு இரு திங்கள் இருக்கையில், பட்டாசு ஆலையொன்றில் போர்மேனாகப் பணியாற்றும் அன்பர் ஒருவர் தம் துணைவியாருடன் எம் இல்லம் வந்தார். மணமாகி முப்பதாண்டு நிறைவுறுகிறது. அயல்நாட்டில் பணிபுரியும் மகன் பணம் அனுப்பி, "நீங்கள் இருவர் மட்டும் வெளிநாட்டில் அமைதியான கடற்கரை எதற்காவது போய் வாருங்கள். உள்ளூர் வேண்டாம். அங்கே உறவினர் வீட்டில் தங்கிவிடுவீர்கள்" என்று சொல்லிவிட்டானாம். எந்தக் கரை என்பதில் இருவருக்கும் இணக்கம் ஏற்படவில்லை. தீர்ப்புச் சொல்ல நாம்!

நம் மாவட்டத்தார்க்குக் கடல் பழக்கமற்ற பொருள். 1985-ஆம் ஆண்டு இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது கடற்கரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கடலைக் காண வேண்டுமெனில் வேளாங்கண்ணி, உவரி, மணப்பாடு என்று திருவிழாக் கூட்டத்தோடு வேன் ஏறுவதே வழக்கம். அங்கும் இல்லத்தரசியார் அடுப்பு மூட்டியாக வேண்டும்.

கணவர் நிலாவெளி என்றார். திருகோணமலைக்கு வடக்கே உள்ள வெண்மணற் கரை; எதிரே புறாத் தீவு. செய்தித்தாளில் படம் பார்த்திருக்கிறார். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நவம்பரிலேயே போய் வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்மையாரோ இடத்தைப் பற்றியே பேசவில்லை.

"எங்கே போனாலும் சரி, சாமி. இவருக்குக் காது மந்தமாகி ஆறு வருசம் ஆச்சு. மிக்சி ஓடினால் கேட்காது, தெருவில் வண்டி போனால் கேட்காது. ஒன்றை மூன்று தடவை சொல்ல வேண்டும். சத்தமாகச் சொன்னால் சண்டை போடுகிறாய் என்கிறார். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்."

கணவர் புன்னகைத்தபடி அமர்ந்திருந்தார். மேலே மின்விசிறி இரைந்துகொண்டிருந்தமையால் அவருக்குப் பாதிச் சொற்கள் எட்டவில்லை என்பது எமக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கிற்று. எழுந்து விசிறியை நிறுத்தினோம்.

மந்தமான செவி அமைதியான அறையில் பேச்சை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பின்னணியில் இரைச்சல் எழுந்தாலோ பேச்சு அதில் கரைந்துபோகும். அலையும் இரைச்சலே அன்றோ? பேரலை மோதும் கரையில் நல்ல செவி உடையவரே அருகிலிருப்பவர் பேச்சைக் கேட்பது அரிது. ஆகவே இவர்களுக்கு வேண்டியது ஆளில்லாத கரை மட்டுமன்று, அலை அடங்கிய கரை. அலை அடங்குவதோ இடத்தையும் பொறுத்தது, மாதத்தையும் பொறுத்தது.

இலங்கையின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் சனவரி வரை வடகிழக்குப் பருவமழை பொழியும், கடல் கொந்தளிக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையே அங்கே நீர் தெளிந்து அடங்கியிருக்கும். மேற்கும் தெற்கும் இதற்கு நேர்மாறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் அலை உயரும். டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை தணியும். இது தெரியாமல் நாமே ஒரு டிசம்பரில் திருகோணமலை சென்று, நான்கு நாளும் சாளரத்தின் வழியே மழையைத் தரிசித்துத் திரும்பினோம். 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் மழைக்காலத்தில் நிறுத்தப்படுவது இதனாலேயே. தாய்லாந்திலும் இதே கதை: நவம்பரில் கோ சாமுய் தீவு நனையும், மறுகரையிலுள்ள கிராபியில் வானம் வெளுக்கத் தொடங்கும்.

மகன் மாலத்தீவைச் சொல்லியிருந்தான். ஒரு தீவுக்கு ஒரே விடுதி. சுற்றியுள்ள பவளத் திட்டு அலையைத் தொலைவிலேயே உடைத்துவிடுகிறது. செவிக்கு அதனினும் சிறந்த இடம் கிடையாது. ஆயினும் விமான நிலையத்திலிருந்து தீவுக்குச் செல்ல விசைப்படகுக்கோ நீர்விமானத்துக்கோ பெரும்பாலும் தனிக் கட்டணம். நீர்விமானம் இருட்டியபின் பறக்காது. மாலையில் இறங்கினால் மாலேயில் ஓரிரவு தங்கவேண்டும். கணக்குப் போட்டதும் போர்மேன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எம் மனத்திலிருந்தது பாசிக்குடா. மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள வளைகுடா. இடுப்பளவு நீரிலேயே வெகுதூரம் நடக்கலாம். அலை என்று சொல்லத்தக்க அலை இல்லை. ஆனால் அதற்குரிய மாதங்கள் நம் பகுதியில் வெயில் காயும் மாதங்கள். ஆலையில் வேலை மும்முரமாக நடக்கும் காலம். "அப்போது நான் விடுப்பு எடுக்கமாட்டேன், சாமி" என்றார் உறுதியாக. மருந்து அறையை மேற்பார்க்கும் மனிதர் அவர். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நிகழ்ந்ததை மறந்தவர் இங்கே எவருமிலர். அம்மையாரும் அதற்கு மறுசொல் கூறவில்லை.

எஞ்சியது பொங்கல் விடுமுறை. முன்னும் பின்னும் இரண்டொரு நாள் சேர்த்தால் ஐந்து நாள் கிட்டும். சனவரியில் மேற்குக் கரையே தகும். இக்கடுவையும் உனவட்டுனாவும் அப்போது வெள்ளைக்காரப் பயணிகளால் நிரம்பியிருக்கும். இரவில் பாட்டுக் கச்சேரி வேறு. ஆகவே கற்பிட்டி என்றோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து வடக்கே வண்டியில் மூன்று, நான்கு மணி நேரம். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் காயல். கடற்புறம் காற்று வீசினாலும் காயற்புறம் நீர் அடங்கிக் கிடக்கும். தமிழ் பேசுவோர் உண்டு. அதே நிலமுனையில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கிறது. அதன் பெருவிழாக்கள் வேறு மாதங்களில் வருவதால் சனவரியில் நெரிசல் இராது.

விடுதிக்குத் தொலைபேசியில் கேட்கவேண்டியவற்றையும் எழுதிக்கொடுத்தோம். அறை காயலைப் பார்த்ததா? ஜெனரேட்டர் எந்தப் பக்கம்? திருமண மண்டபம் உண்டா? முழுநிலவு நாள் அங்கே பொது விடுமுறையாதலின் உள்ளூர்க் கூட்டம் திரளும். அதைத் தவிர்த்து நாள் குறிக்கச் சொன்னோம். விசா விதிகள் அடிக்கடி மாறுவன. புறப்படுமுன் விசாரித்தறிவது நலம். அம்மையார் தாமே ஒரு வரி சேர்த்தார்: மூன்று வேளையும் அவர்களே சமைத்துத் தருவார்களா?

தை பிறந்து இரு வாரம் கழித்துப் போர்மேனைச் சந்தை வாயிலில் கண்டோம். பயணம் எவ்வாறு இருந்ததென்று வினவினோம்.

"ஐந்து நாளும் பேசிக்கொண்டே இருந்தாள், சாமி" என்றார்.

குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா என்பது அந்த முகத்திலிருந்து எமக்குப் புலப்படவில்லை. செவிக்கருவி பொருத்த மதுரைக்கு எப்போது போகலாம் என்று மட்டும் விசாரித்துவிட்டு நகர்ந்தார்.