சிவப்பாக இருந்தால் போதுமா?

மாணவர்களே, நல்ல செம்பனை எண்ணெயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பில் கேட்டால், "நல்லா சிவப்பா இருக்கும், டீச்சர்" என்ற பதில்தான் முதலில் வரும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். நான் இதை ஏற்பதில்லை.

ஆய்வுக்கூடத்தில் சிறிது எண்ணெயை எடைபோட்டு, ஹெக்சேன் போன்ற கரைப்பானில் கரைத்து, 1 செ.மீ. அகலமுள்ள சதுரக் குப்பியில் ஊற்றுவார்கள். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அதனுள் ஒரே அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும். 100 பங்கு ஒளி போய் 10 பங்கு வெளியே வந்தால் உறிஞ்சல் அளவு 1. ஒரு பங்கு மட்டும் வந்தால் 2. கணிதத்தில் நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே மடக்கைதான்!

இந்த அளவை இரண்டு முறை எடுப்பார்கள். 446 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவது, எண்ணெய்க்குச் செந்நிறம் தரும் கரோட்டீன். 269 நானோமீட்டரில் உறிஞ்சுபவை, எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டதால் உண்டான பொருள்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் 'டோபி' என்ற குறியீடு கிடைக்கும். 0.60ஐ 0.20ஆல் வகுத்தால் 3, நல்ல எண்ணெய். 2க்குக் கீழே இறங்கினால், சுத்திகரிப்பு ஆலையில் அதை வெளுக்க வைப்பது பெரும்பாடு. கரைசலில் எண்ணெய் ஒரு சொட்டு கூடிவிட்டாலும் கவலையில்லை. இரண்டு அளவுகளும் ஒரே விகிதத்தில் கூடுவதால் வகுத்த விடை மாறாது.

269 என்பது புற ஊதா ஒளி. நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சாதாரணக் கண்ணாடிக் குப்பியும் அதை விழுங்கிவிடும் என்பதால் குவார்ட்ஸ் குப்பியைத்தான் பயன்படுத்த வேண்டும். சிவப்பை மட்டும் பார்ப்பவர் கணக்கின் மேல்பாதியை மட்டும் பார்க்கிறார்.

அதற்காக, கருவி காட்டும் எண்ணே எல்லாம் சொல்லிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அறுத்த குலைகள் நாள்கணக்கில் கிடந்தாலும் டோபி இறங்கும். தொட்டியில் எண்ணெயை அதிகம் சூடாக்கி வைத்தாலும் இறங்கும். எண்ணெய் கெட்டிருக்கிறது என்று எண் சொல்லும். எங்கே கெட்டது, யாரால் கெட்டது என்று சொல்லாது. ஒரே ஓர் எண்ணைக் காட்டி, உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாமீதோ லோரி ஓட்டும் அண்ணன்மீதோ பழி போடுவது அறிவியலே அல்ல. பிழிந்தவுடன் ஒரு மாதிரி, தொட்டியில் ஒன்று, எண்ணெய் லோரியில் ஏறும்போது ஒன்று என எடுத்து ஒப்பிட வேண்டும். பள்ளியிலிருந்து ஆலையைப் பார்க்கப் போனால், எந்தெந்த இடத்தில் மாதிரி எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.