அடுத்த கொல்லை யாருடையது?

2018 தீபாவளிக்குப் பெரம்பலூர்ப் பக்கமுள்ள எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன் தன் மக்காச்சோளக் கொல்லைக்கு அழைத்துப் போனார். இலையெல்லாம் சல்லடை. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல எச்சம், அதனடியில் புழு. மூன்று முறை மருந்தடித்திருந்தார்.

"என் கொல்லையில மட்டும் அடிச்சு என்ன தம்பி பிரயோசனம்? அடுத்த கொல்லையிலேருந்து திரும்ப வந்துடுதே" என்றார்.

அடுத்த கொல்லை என்னுடையது. குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெங்களூரில் இருக்கிறேன். என்ன விதைத்தார்கள், எப்போது விதைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் புழுவின் பெயர் படைப்புழு. பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 2016-இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் நம் கர்நாடகத்துச் சிவமொக்கா வயல்களில் கண்டறியப்பட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்க வல்லது. பெட்டை ஒன்று ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஓசூர்ச் சோதனைச் சாவடி அதற்கு எம்மாத்திரம்?

நம் எப்பாலில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிலையம் அந்த ஜூலையிலேயே எச்சரிக்கை விடுத்தது. புரட்டாசி விதைப்புக்கு அவகாசம் இருந்தது. ஆனால் செய்தி என் அண்ணனின் காதுக்கு எட்டுவதற்குள் பூச்சி எட்டிவிட்டது. நான் இருந்ததோ அந்த நிலையம் உள்ள ஊரிலேயே!

மருந்துக் கடையை மட்டும் நம்பிப் பயனில்லை. வளர்ந்த புழு குருத்துக்குள் ஆழமாய்ப் புகுந்துவிட்டால் மருந்து அதை எட்டுவது கடினம். கோடையில் ஆழ உழுதால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். முளைத்த நாள் முதல் இலைகளைப் பார்த்து முட்டைக் குவியல்களை நசுக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வந்த சேதி முன்கூட்டியே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரே ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும். ஆளுக்கொரு நாளில் விதைத்தால் முற்றிய பயிரிலிருந்து இளம்பயிருக்குப் பூச்சி தாவிக்கொண்டே இருக்கும். இவற்றில் எதையும் ஒருவர் தனியாகச் செய்து கரையேற முடியாது.

நம் சங்க அன்பர்களில் பலருக்கு ஊரில் நிலமுண்டு. பட்டா நம் பெயரில் இருக்கிறது. பொறுப்பு மட்டும் அங்குள்ளவர் தலையிலா? புழு இன்னும் போய்விடவில்லை. விதைப்புக்கு முன் குத்தகைக்காரரையும் பக்கத்துக் கொல்லைக்காரரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். உழவுக்கும் பொறிக்கும் ஆகும் செலவில் பங்கு கொடுங்கள்.

நான் இப்போது கொடுக்கிறேன். 2018-லேயே செய்திருக்க வேண்டும்.