நஞ்சம்மா எந்தச் சுருதியில் பாடுகிறார்?

படத்தின் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட சிறு வீடியோ அது. பிருத்விராஜைத் தெரியுமா என்று இயக்குநர் சச்சி கேட்கிறார். தெரியாது என்கிறார் நஞ்சம்மா. பிஜு மேனனை? அவரையும் தெரியாது. சொல்லிவிட்டுக் கூச்சமில்லாமல் சிரிக்கிறார். கேரளத்தில் இப்படிப் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அந்த இருவரும் நாயகர்களாக நடித்த படத்தில் பாடிக்கொடுத்து, சிறு வேடத்தில் தலையும் காட்டியவர் சொன்னதுதான் வேடிக்கை.

படம், 2020 பிப்ரவரியில் வெளியான 'ஐயப்பனும் கோஷியும்'. அது திரைக்கு வரும் முன்பே நஞ்சம்மாவின் பாட்டு இணையத்தில் பரவிவிட்டது. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், நக்குப்பதி என்னும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர் அவர். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் அதிக தூரமில்லை. அவர் பாடும் இருளர் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு. இரண்டு முறை கேட்டால் கோவைக்காரருக்குப் பாதி புரிந்துவிடும். சோறு ஊட்டும்போது மரத்தையும் பூவையும் வானத்தில் போகும் விமானத்தையும் காட்டிக் குழந்தைக்குப் பாடும் பாட்டு அது. பாடலாசிரியர் என்று படத்தில் அவர் பெயரே இருக்கிறது. இசை, ஜேக்ஸ் பிஜாய்.

ஆடு மாடு மேய்த்துப் பிழைத்தவருக்கு மேடை புதிதல்ல. பழனிசாமி நடத்தும் ஆசாத் கலா சங்கத்தில் தவில், கொகல் என்னும் குழல், ஜால்ரா சூழப் பாடி வந்தவர்தான். திரைக்கு அவரை அழைத்துச் சென்ற சச்சி, படம் வெளியாகி நான்கு மாதங்களில், 2020 ஜூன் 18 அன்று இறந்துபோனார்.

2020ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதுகளில் நஞ்சம்மாவுக்குக் கிடைத்தது நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பு மட்டுமே. 2022 ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகள் அதோடு நிற்கவில்லை. சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான் என்றன. தமிழர்கள் 'சூரரைப் போற்று'வுக்குக் கிடைத்த விருதுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, மலையாள இசை உலகில் ஒரு சச்சரவு கிளம்பியது. இசையையே உயிராகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர்களுக்கு இது அவமதிப்பு அல்லவா என்றார் ஓர் இசைக்கலைஞர். நஞ்சம்மாவால் சுருதி சேர்த்து ஒரு சாதாரணப் பாட்டையாவது பாட முடியுமா என்பது அவருடைய கேள்வி. பாடகி சித்தாரா உள்படப் பலர் நஞ்சம்மாவின் பக்கம் நின்றார்கள்.

கேள்வி கேட்டவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. யாரோ போட்ட மெட்டை, யாரோ எழுதிய சொல்லை, யாரோ ஒரு நடிகைக்காகப் பாடித் தருவதுதான் பின்னணிப் பாடகியின் தொழில். அந்தத் தொழில் நஞ்சம்மாவுக்குத் தெரியாது. ஆனால் விருது தொழில் திறமைக்கான தேர்வு அல்ல. ஒரு படத்தில் ஒலித்த பாட்டுக்கானது. மறுபுறம், அதே பாட்டை நாற்பதாண்டு சாதகம் உள்ள ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கட்டும். சுருதி நிற்கும். அந்தக் குழந்தை சோறு உண்ணுமா என்பது சந்தேகம்.

அமெரிக்காவில் இந்தச் சச்சரவு வேறு வழியில் தீர்ந்தது. 1927இல் ரால்ஃப் பீர் என்பவர் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து, மலைக் கிராமத்துப் பாடகர்களை அழைத்துப் பாடச் சொன்னார். அப்படி வந்த கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டுகளோடு கன்ட்ரி இசை ஒரு தொழிலாகவே எழுந்தது. அதற்கென வானொலி, மேடை, நாஷ்வில் என்று ஒரு தலைநகர்கூட உண்டு. அங்கே மலைப்பாடகிக்கு ஹாலிவுட்டின் தயவு தேவைப்படவில்லை. இங்கே சினிமாவை விட்டால் வாசல் இல்லை. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி வந்தவர்தான். ஆனாலும் ஊரறிந்தது 1985இல் 'ஆண்பாவம்' வந்த பிறகே. சின்னப்பொண்ணுவுக்கு 2008இல் 'நாக்க முக்க' வேண்டியிருந்தது.

2022 செப்டம்பர் 30. டெல்லி விஞ்ஞான் பவனில், சந்தால் பழங்குடியில் பிறந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் கையால் நஞ்சம்மா விருது வாங்கியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகர் விருது பெற்றவர் ராகுல் தேஷ்பாண்டே. இந்துஸ்தானி மேதை வசந்தராவ் தேஷ்பாண்டேயின் பேரன், தாத்தாவின் வாழ்க்கையைச் சொன்ன மராத்திப் படத்துக்காக. சாதகம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே விழாவில். யாருடைய இசையும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய நஞ்சம்மாவுக்கு வேறொரு வழக்கு காத்திருந்தது. கணவர் குடும்பத்துக்கு உரிய நிலம் போலி ஆவணங்களால் பிறர் கைக்குப் போய்விட்டது என்பது அவருடைய புகார். எதிர்த்தரப்பு அதை மறுக்கிறது. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத் தர 1975இலேயே கேரளம் சட்டம் இயற்றியது. அட்டப்பாடியில் அந்தச் சட்டத்தை நம்பி மனுப்போட்டுக் காத்திருக்கும் குடும்பங்களில் தேசிய விருது பெற்றவருடையதும் ஒன்று.